கோழித் தொடை, கண்டாங்கிக் கட்டம், ஓட்டக்காரப் பையன்

தேவகோட்டைப் பக்கத்திலிருந்து நீங்கள் கேட்டதன் சுருக்கம் இது. மகனுக்கு 14 வயது. 100 மீட்டரில் பள்ளியில் அவனை முந்த ஆள் இல்லை. 1500 மீட்டர் என்றால் பாதியிலேயே இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றுவிடுகிறான். எச்சிலை எடுத்து மரபணுச் சோதனைக்கு அனுப்பினால் பையனுக்கு 'ஃபாஸ்ட் மசிலா, ஸ்லோ மசிலா' என்று தெரிந்துவிடும், அதை வைத்து விளையாட்டை முடிவு செய்யலாம் என்று ஒரு பயிற்சியாளர் சொல்கிறார். செய்யலாமா? தசை நாரின் வகையைப் பயிற்சியால் மாற்ற முடியுமா? கடைசியாக ஒரு வரி: பையனின் அப்பத்தாவுக்கு 71 வயது, தினமும் அரை மணி நேரம் நடக்கிறார், ஆனாலும் நிலைப்படி தாண்டும்போது தடுமாறுகிறார், ஏன்?

மூன்றும் ஒரே விஷயத்தின் மூன்று முனைகள்தான், அதனால் சேர்த்தே சொல்கிறேன். நான் டாக்டர் இல்லை. காரைக்குடியைச் சுற்றிய பள்ளிகளில் முப்பது வருடத்துக்கு மேல் விசில் ஊதிய உடற்கல்வி ஆசிரியர். கொஞ்சம் படித்ததும், நிறையப் பார்த்ததும், ஒன்றிரண்டு தப்பு செய்ததும் உண்டு.

முதலில் ஒரு சொல் தகராறு. 'தசைநார் கிழிந்துவிட்டது' என்று எலும்பு டாக்டர் சொன்னால் அது தசையை எலும்போடு கட்டும் டெண்டன் அல்லது மூட்டைக் கட்டும் லிகமென்ட். நாம் பேசப்போவது தசைக்குள்ளேயே தலைமுடியைப் போல மெல்லிசாக நீளவாக்கில் ஓடும் உயிரணுக்கள். குழப்பம் வராமலிருக்க அவற்றை 'இழை' என்றே சொல்கிறேன். சேலை நெய்கிற ஊர்க்காரர்களுக்கு அந்தச் சொல் கசக்காது.

ஞாயிற்றுக்கிழமை நாட்டுக்கோழி வாங்கி வந்து துண்டு போடும்போது பாருங்கள். தொடைக்கறி கருஞ்சிவப்பு, நெஞ்சுக்கறி வெளுப்பு. கோழி நாள் முழுக்க நிற்கிறது, நடக்கிறது, குப்பையைக் கிளறுகிறது. அத்தனையும் காலின் வேலை. நெஞ்சுத் தசை சிறகடிக்கத்தான். நாய் துரத்தினால் ஐந்து நொடி படபடவென்று அடித்து மதில் மேல் ஏறி உட்காரும், அவ்வளவுதான். நாள் முழுக்க உழைக்கிற தசைக்கு இரத்தத்திலிருந்து ஆக்ஸிஜன் வந்துகொண்டே இருக்க வேண்டும். அதை வாங்கி வைத்துக்கொள்ளும் மையோகுளோபின் என்ற புரதம் சிவப்பு. அது நிறைய இருப்பதால் தொடை சிவப்பு. 1870-களிலேயே பிரான்சில் ரான்வியே என்பவர் முயலின் சிவப்புத் தசையையும் வெள்ளைத் தசையையும் மின்சாரத்தால் தூண்டிப் பார்த்து, சிவப்பு மெதுவாகச் சுருங்குகிறது, வெள்ளை வெட்டென்று சுருங்குகிறது என்று எழுதிவைத்தார்.

சிவப்பு என்றால் மெது, வெளுப்பு என்றால் வேகம். சரி, இதோடு பாடம் முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியென்றால் காடையை எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊர்ச் சாப்பாட்டில் காடை வறுவலுக்கு இருக்கிற மரியாதை தெரிந்ததுதான். காடையின் நெஞ்சு கோழி நெஞ்சைப் போல வெளுப்பாக இருக்காது, நல்ல சிவப்பு. புறாவின் நெஞ்சு இன்னும் கருப்பு. காடையும் புறாவும் மெதுவாகவா சிறகடிக்கின்றன? புறா மணிக்கணக்கில் வேகமாகப் பறக்கும். அதன் நெஞ்சில் பெரும்பங்கு இழைகள் வேகமாகச் சுருங்குபவை, அதே சமயம் ஆக்ஸிஜனை எரித்துச் சோராமல் உழைப்பவை. ஆக, நாம் கேட்க வேண்டிய கேள்வி இரண்டு. இழை எவ்வளவு வேகமாக இழுக்கிறது? எந்த எரிபொருளில் ஓடுகிறது? இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால் புறா புரியாது. உங்கள் மகனும் புரியமாட்டான்.

மனிதத் தசையில் மூன்று வகை. டைப் 1, மெதுவானது, சோராதது. டைப் 2ஏ, வேகமானது, ஓரளவு நீடித்தும் உழைக்கும், புறாவின் ரகம். டைப் 2எக்ஸ், எல்லாவற்றிலும் வேகமானது, சீக்கிரம் களைத்துவிடும், கோழி நெஞ்சுக்குப் பக்கத்தில் வரக்கூடியது. பழைய பாடப்புத்தகங்களில் 2பி என்று ஒன்று இருக்கும். எலிக்கு அது உண்டு. மனிதனின் கை காலில் அந்தப் புரதம் உருவாவதில்லை என்று பிற்பாடு தெரிந்தது. அதற்கான மரபணு மட்டும் நம்மிடம் சும்மா கிடக்கிறது. இன்னும் 2பி என்று பாடம் எடுப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் சொல்வது 2எக்ஸைத்தான்.

வேகம் எங்கிருந்து வருகிறது என்றால், இழைக்குள் மையோசின் என்ற புரதம் துடுப்பு போடுவதுபோல எட்டிப் பிடித்து இழுத்து விடுகிறது. ஒவ்வொரு இழுப்புக்கும் ஏடிபி என்ற எரிபொருள் ஒரு துளி செலவு. வகைக்கு வகை மையோசின் வேறு, அது ஏடிபியை உடைக்கும் வேகமும் வேறு. இன்னொன்று கால்சியம். நரம்பிலிருந்து தகவல் வந்ததும் கால்சியம் கொட்ட வேண்டும், வேலை முடிந்ததும் உள்ளே வாரிக்கொள்ள வேண்டும். வேக இழை இரண்டையும் மளமளவென்று செய்யும். மெது இழையை ஒரு தடவை தூண்டினால் முழு முறுக்கு ஏற ஏறக்குறைய ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு ஆகும். வேக இழைக்கு அதில் பாதி போதும். அது என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்கலாம். நல்ல ஓட்டக்காரர் முழு வேகத்தில் போகும்போது அவர் பாதம் தரையில் இருக்கும் நேரமே நொடியில் பத்தில் ஒரு பங்குதான். மெது இழை முறுக்கேறி முடிப்பதற்குள் கால் மண்ணை விட்டுக் கிளம்பியிருக்கும்.

எரிபொருள் கதையை நம் ஊர் ஊருணியை வைத்துச் சொல்வேன். வேக இழை வீட்டுக்குள் குடத்தில் நிரப்பி வைத்த தண்ணீரை நம்பி வாழ்கிறது. கிரியேட்டின் பாஸ்பேட் என்ற கையிருப்பு அதில் இருக்கிறது, உடனே கிடைக்கும், முழு மூச்சில் செலவழித்தால் பத்து நொடிக்குள் பெரும்பாலும் காலி. அதற்குப் பின்னால் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்து, ஆக்ஸிஜன் போதாமலே உடைபடும், வேகமாகக் கரையும். காந்தலும் கனமும் அங்கேதான் ஆரம்பம். மெது இழை ஊருணிக்கரையிலேயே குடியிருக்கிறது. சுற்றிலும் நுண்ணிய இரத்தக்குழாய்கள், உள்ளே எரிபொருளை எரிக்கும் குட்டி அடுப்புகளான மைட்டோகாண்ட்ரியா நிறைய, கொழுப்பையும் மாவுச்சத்தையும் ஆக்ஸிஜனோடு நிதானமாக எரித்து மணிக்கணக்கில் ஓட்டும். உங்கள் மகன் 1500 மீட்டரில் பாதியிலேயே நிற்பதைச் சோம்பேறித்தனம் என்று யாராவது திட்டினால் நம்ப வேண்டாம். அவன் 100 மீட்டருக்கு ஓடுவதுபோலக் கிளம்பிக் குடத்தைக் கவிழ்த்துவிடுகிறான். பாதிக்குமேல் இருப்பது வகையைவிட வேக நிர்ணயப் பிரச்சினையாகவே எனக்குப் படுகிறது.

இனி கண்டாங்கிக்கு வருகிறேன். கோழியில் ஒரு தசை முழுக்க வெள்ளை, ஒன்று முழுக்கச் சிவப்பு என்று பிரிந்து கிடக்கிறது. மனிதனில் அப்படி எந்தத் தசையும் இல்லை, எல்லாமே கலப்பு. தொடையிலிருந்து ஒரு துளி சதையை எடுத்து, குறுக்கே சீவி, சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் வைத்தால் ஒரு வகை கருப்பாகவும் இன்னொரு வகை வெளுப்பாகவும் தெரியும். கட்டம் கட்டமாக, கருப்புக்குப் பக்கத்தில் வெளுப்பு, வெளுப்பை ஒட்டிச் சாம்பல். அந்தப் படத்தை முதன்முதலில் ஒரு வகுப்பில் பார்த்தபோது காரைக்குடி நெசவாளர் தெருவில் தறியிலிருந்து இறக்கி விரித்த கட்டம் போட்ட கண்டாங்கிச் சேலைதான் ஞாபகம் வந்தது. சேலையில் கட்டம் ஒழுங்காக இருக்கும், தசையில் கொஞ்சம் தாறுமாறு. இந்தக் கட்டத்தை மறந்துவிடாதீர்கள், அப்பத்தா விஷயத்தில் திரும்ப வரும்.

கலப்பின் விகிதம் தசைக்குத் தசை மாறும். கெண்டைக்காலின் உள்ளடுக்கில் இருக்கும் சோலியஸ் என்ற தசை நம்மை நிற்க வைக்கிறது. அதில் நூற்றுக்கு 80 போல மெது இழைகள். ஆத்தங்குடியில் குந்தி உட்கார்ந்து கண்ணாடிமேல் சாயம் ஊற்றித் தரைக்கல் வார்ப்பவர்கள் மணிக்கணக்கில் அப்படியே இருக்க முடிவது இந்த மாதிரித் தசைகளின் தயவால். இமையை மூடும் தசையில் பெரும்பாலும் வேக இழைகள், கண்ணில் தூசி விழுமுன் மூட வேண்டுமல்லவா. முன்தொடையில் சராசரி ஆளுக்குப் பாதிக்குப் பாதி. மாரத்தான் ஓடுபவர்களின் காலில் மெது இழை 70, 80 சதவீதம், சிலரிடம் அதற்கு மேலும் பார்த்திருக்கிறார்கள். குறுந்தூர ஓட்டக்காரர்களிடம் தலைகீழ், வேக இழை 70 சதவீதத்தைத் தொடும். இதெல்லாம் பெரும்பாலும் 1960-களுக்குப் பிறகு தெரிய வந்தவை. ஸ்வீடனில் பெர்க்ஸ்ட்ரோம் என்ற மருத்துவர் 1962-ல் தசையில் ஊசி செலுத்திச் சிறு துண்டு எடுக்கும் முறையை நிலைநிறுத்திய பிறகுதான் ஓட்டக்காரர்களின் காலுக்குள் எட்டிப் பார்க்க வழி பிறந்தது.

இதுவரை சொன்னதைப் பாதி விஷயம் என்பேன். பயிற்சியாளர்கள் இந்தப் பாதியோடு நின்றுவிடுவதுதான் எனக்குப் பிடிக்காதது. இழை தானாக ஒன்றும் செய்யாது. அதைக் கூப்பிடுவது நரம்பு. தண்டுவடத்திலிருந்து வரும் ஒரு நரம்பு உயிரணு பல இழைகளைத் தன் வசம் வைத்திருக்கிறது. கண்ணை அசைக்கும் தசையில் ஒரு நரம்புக்குப் பத்துப் பன்னிரண்டு இழை, கெண்டைக்காலில் ஆயிரத்துக்கும் மேல். ஒரு நரம்பின் வசம் உள்ள இழைகள் எல்லாம் ஒரே வகை. நரம்பு அழைத்தால் அத்தனையும் சேர்ந்து இழுக்கும், அழைக்காவிட்டால் ஒன்றும் அசையாது.

அழைப்பில் ஒரு வரிசை உண்டு. எல்வுட் ஹென்னமன் என்ற அமெரிக்கர் 1950-களிலும் 60-களிலும் காட்டியது இது: சின்ன நரம்புகள் முதலில் விழிக்கும், பெரியவை கடைசியில். சின்ன நரம்புகளின் வசம் மெது இழைகள், பெரியவற்றின் வசம் வேக இழைகள். வேலை இலேசாக இருக்கும்வரை மெது இழைகளோடு முடிந்துவிடும். பாரம் கூடக் கூட அடுத்த வரிசை வரும். 2எக்ஸ் பந்தியில் கடைசியாக உட்காருகிறவர், முழுப் பலமும் முழு வேகமும் கேட்டால் ஒழிய எழுந்து வரமாட்டார்.

நம் ஊரிலேயே இதற்கு இரண்டு காட்சி உண்டு. தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடி எடுத்துக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடக்கிறார்கள். அறுபது வயதைத் தாண்டியவர்களும் செருப்பில்லாமல் நாள் கணக்கில் நடக்கிறார்கள். அவர்கள் காலில் அந்த நாட்களில் ஓயாமல் வேலை செய்வது டைப் 1. தட்டையான சாலையில் ஒரே சீராகப் போகும்வரை 2எக்ஸுக்கு அழைப்பே போகாது. காலையில் கிளம்பும்போது இருந்த கால் மாலையில் கனக்கும், அப்போது மெது இழைகளில் சில களைத்துப்போக, அந்த இடத்தை நிரப்ப 2ஏ வரும். இன்னொன்று அதே தை மாதத்தில் சிராவயல் மஞ்சுவிரட்டு. தொழுவிலிருந்து மாடு பாய்ந்து வருகிறது. திமிலைப் பிடிப்பவன் அதுவரை சும்மா நின்றவன். ஒரே தாவல், கை பூட்டு, இரண்டு மூன்று துள்ளலுக்குத் தாக்குப்பிடித்தல். எல்லாம் சில நொடி. அந்த நொடிகளில் உடம்பில் உள்ள அத்தனை நரம்பும் ஒன்றாக அழைக்கிறது, குடம் ஒரே மூச்சில் கவிழ்கிறது. பிடித்து முடித்தவன் மைதானத்து ஓரத்தில் குனிந்து முட்டியில் கை ஊன்றி மூச்சு வாங்குவதைப் பார்த்திருப்பீர்கள். பத்தே நொடி வேலைக்கு இவ்வளவு மூச்சா என்று சிரிப்பார்கள். குடத்தை ஊருணியிலிருந்து திரும்ப நிரப்பும் மூச்சு அது. (மாமா மஞ்சுவிரட்டுக்கு அழைத்துப்போவதாகச் சொல்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். வேடிக்கை பார்க்கப் போகட்டும். 14 வயதுப் பையன் களத்துக்குள் இறங்க வேண்டாம், அதற்கு இழை வகை எதுவும் காரணமில்லை.)

நரம்புதான் முதலாளி என்பதற்கு ஒரு பழைய பரிசோதனை உண்டு, நான் எத்தனை தடவை சொன்னாலும் அலுக்காதது. 1960-ல் ஜான் எக்கிள்ஸ் குழுவினர் பூனையின் காலில் மெதுத் தசைக்குப் போகும் நரம்பையும் வேகத் தசைக்குப் போகும் நரம்பையும் வெட்டி இடம் மாற்றித் தைத்தார்கள். ஆறியபின் பார்த்தால் மெதுத் தசை வேகமாகவும் வேகத் தசை மெதுவாகவும் மாறத் தொடங்கியிருந்தது. இழை அதே இழைதான், அதோடு பேசும் குரல் மாறியதும் குணமும் மாறியது.

அப்படியானால் பயிற்சியால் மாற்றலாமா? மாற்றலாம், ஆனால் நினைக்கிற திசையில் நினைக்கிற அளவுக்கு இல்லை. எளிதாக நடப்பது 2எக்ஸ், 2ஏ ஆவது. ஓட்டமோ எடையோ, முறையாக எதைச் செய்தாலும் 2எக்ஸ் குறையும், 2ஏ கூடும். வேடிக்கை என்னவென்றால் விடுப்பு விட்டால் திரும்பி வரும், முன்பைவிடக் கூடுதலாக. 2000-ல் வெளியான டென்மார்க் ஆய்வொன்றில் உடற்பயிற்சிப் பழக்கமில்லாத இளைஞர்கள் மூன்று மாதம் கனமான எடை தூக்கினார்கள். தொடையில் 2எக்ஸ் மையோசினின் பங்கு 9 சதவீதத்திலிருந்து 2 ஆக இறங்கியது. மூன்று மாதம் நிறுத்தினார்கள், 17 ஆக ஏறியது. இதைப் படித்துவிட்டு, போட்டிக்கு முன் மூன்று மாதம் படுத்துக் கிடந்தால் வேகம் கூடுமா என்று ஒரு மாணவன் கேட்டான். கூடாது. இழை வேகமானாலும் மெலிந்து பலம் போயிருக்கும். போட்டிக்கு முந்தைய ஒன்றிரண்டு வாரம் பயிற்சியைக் குறைப்பது மட்டும் எல்லோரும் செய்வது.

டைப் 1 இழை 2 ஆவதும், 2 டைப் 1 ஆவதும் கடினமான எல்லை. மாதக்கணக்கில் பெரிதாக ஒன்றும் நகராது, வருடக்கணக்கில் நகரும் போலிருக்கிறது. அமெரிக்காவில் ஒரே கருவிலிருந்து பிரிந்து பிறந்த 52 வயது இரட்டையர் இருவரைச் சோதித்து 2018-ல் எழுதினார்கள். மரபணு ஒன்றே. ஒருவர் முப்பது வருடமாக நீண்ட தூரம் ஓடுபவர், மற்றவர் பயிற்சி எதுவும் செய்யாதவர். ஓடியவரின் தொடையில் மெது இழை மையோசின் 95 சதவீதம், மற்றவரிடம் 40. ஒரே ஒரு ஜோடிதான், அதை வைத்து ஊருக்கே சட்டம் எழுத முடியாது, ஆனாலும் யோசிக்க வைக்கிறது. அதற்கு முன்பே பலரை ஒப்பிட்டுப் பார்த்தவர்கள், மனிதருக்கு மனிதர் இழை விகிதம் மாறுவதில் ஏறத்தாழ 45 சதவீதம் பிறப்பு, 40 சதவீதம் வாழ்க்கை முறை, மிச்சம் அளவெடுப்பதில் வரும் பிசகு என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

எச்சில் சோதனைக்கு வருகிறேன். அவர்கள் பார்ப்பது பெரும்பாலும் ஏசிடிஎன்3 என்ற ஒரு மரபணு. வேக இழைக்குள் மட்டும் இருக்கும் ஆல்ஃபா ஆக்டினின் 3 என்ற புரதத்துக்கான செய்தி அது. உலகில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இந்தப் புரதமே உருவாவதில்லை, அவர்கள் நன்றாகத்தான் இருக்கிறார்கள். 2003-ல் ஆஸ்திரேலியாவில் உயர்மட்டக் குறுந்தூர வீரர்களைப் பார்த்தபோது புரதம் இல்லாதவர்கள் மிகக் குறைவாக இருந்தார்கள். அதிலிருந்துதான் 'வேக ஜீன்' என்ற பெயர் பரவியது. ஒலிம்பிக் மேடைக்குப் போகிறவர்களுக்கு இது ஒரு சின்னக் கூடுதல் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு பள்ளிப் பையனுக்கும் இன்னொரு பையனுக்கும் இருக்கும் வேக வித்தியாசத்தில் இதன் பங்கு மிகச் சிறியது. இந்த மாதிரிச் சோதனைகளுக்குத் திறமையைக் கண்டுபிடிப்பதில் இடமே இல்லை என்று 2015-ல் இந்தத் துறை நிபுணர்கள் பலர் சேர்ந்து அறிக்கை வெளியிட்டிருக்கிறார்கள். ஊசியால் சதை எடுத்துப் பார்ப்பது ஆராய்ச்சிக்குச் சரி, அதுவும் எடுத்த இடத்தின் கதையை மட்டுமே சொல்லும். வளரும் பையனின் தொடையில் அதற்காக ஊசி குத்தவே கூடாது.

காசைச் செலவழித்துத்தான் ஆக வேண்டுமென்றால் நல்ல காலணி ஒன்று வாங்கிக் கொடுங்கள். அவன் வேகமானவன் என்பது ஏற்கெனவே தெரியும். 100 மீட்டரில் எல்லோரையும் முந்துகிறான் என்பதைவிட நல்ல சோதனை எச்சிலில் இல்லை. இன்னும் கொஞ்சம் தெரிய வேண்டுமென்றால் சுவரோரம் நின்ற இடத்திலிருந்து குதிக்கச் சொல்லி, சாக்பீஸ் பூசிய விரலால் சுவரைத் தொட வைத்து உயரத்தை அளந்து வையுங்கள். அப்புறம் ஒரு நாள் 60 மீட்டரை ஒரு நிமிட இடைவெளியில் ஆறு தடவை ஓடச் சொல்லி நேரம் குறியுங்கள். முதல் ஓட்டம் பிரமாதமாக இருந்து ஆறாவது பாதாளத்துக்குப் போனால் குடம் பெரிது, ஊருணி தூரம். ஆறும் ஒரே மாதிரி வந்தால் பையன் 400, 800 பக்கமும் யோசிக்கலாம். இதெல்லாம் கைக்கணக்கு, இழையை எண்ணிவிட்டதாக நினைத்துக்கொள்ளக் கூடாது.

நான் செய்த தப்பைச் சொல்லாவிட்டால் இந்தப் பதில் முழுமையாகாது. பணியில் சேர்ந்த புதிதில் உங்கள் மகனைப் போலவே ஒரு பையன் என்னிடம் வந்தான். கைக்கடிகாரத்தில் 100 மீட்டர் 11.9. பள்ளிப் பெயரைச் சொல்ல வேண்டாம். 'ஸ்டாமினா' வேண்டும், அதுதான் அஸ்திவாரம் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். தினமும் விடியற்காலையில் செம்மண் சாலையில் ஐந்து கிலோமீட்டர் ஓடவிட்டேன், மாலையில் மைதானத்தில் பத்துச் சுற்று. பையன் முகம் சுளிக்காமல் ஓடினான். நான்கு மாதம் கழித்து அதே மைதானம், அதே கடிகாரம், 12.3. துப்பாக்கிச் சத்தத்துக்குக் கிளம்பும் அந்த வெடிப்பு போயிருந்தது. மண்ணில் பதிந்த தடத்தைப் பார்த்தாலே தெரிந்தது. முன்பெல்லாம் முன்பாதம் மட்டும் ஆழமாகக் குத்தியிருக்கும், இப்போது குதிகாலிலிருந்து முழுப் பாதமும் பதிந்திருந்தது. அவனுடைய நரம்புகளுக்கு நான்கு மாதமாக நான் கொடுத்த வேலை முழுக்க மெதுவேலை. வேக இழைகளை யாரும் கூப்பிடவில்லை. அதோடு தினசரிக் களைப்பு வேறு, ஆறவே விடவில்லை. அவனிடம் நான் மன்னிப்புக் கேட்டது வெகு காலம் கழித்துத்தான்.

உங்கள் மகனுக்கு நான் சொல்வது இது. வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள் வேகம், அடுத்தடுத்த நாளில் வேண்டாம். நன்றாக உடம்பைச் சூடுபடுத்திய பிறகு 20 முதல் 40 மீட்டர் வரை முழு வேகத்தில் ஆறேழு ஓட்டம். ஒவ்வொன்றுக்கும் நடுவே இரண்டு மூன்று நிமிடம் நடக்கட்டும். பக்கத்தில் நிற்பவர்களுக்கு இது சோம்பேறித்தனமாகத் தெரியும், 'என்ன சார், பையன் நடந்துக்கிட்டே இருக்கான்' என்பார்கள். ஓய்வு குறைந்தால் அடுத்த ஓட்டம் மெதுவாகிவிடும், மெதுவான ஓட்டம் மெதுவாக ஓடத்தான் பழக்கும். அதோடு கொஞ்சம் தாவல், ஒற்றைக்கால் குதி, தோப்புக்கரணம். தோப்புக்கரணம் நிதானமாக இறங்கி வெடுக்கென்று எழ வேண்டும். பிள்ளையார்பட்டியில் போடுகிற மாதிரி கணக்குக்கு அவசர அவசரமாகப் போட்டால் அவருக்குப் போய்ச் சேரும், தொடைக்குச் சேராது.

1500-ஐயும் விட்டுவிட வேண்டாம். வாரத்தில் இரண்டு நாள் பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் 15, 20 நிமிடம் போதும். 14 வயதில் உடம்பு இன்னும் முடிவாகவில்லை. பருவ மாற்றம் நடக்கும்போது தசையின் பருமனும், மாவுச்சத்தை ஆக்ஸிஜன் இல்லாமல் எரிக்கும் திறனும் கூடிக்கொண்டே போகும். இன்று 100-ல் கடைசியாக வரும் பையன் பதினேழில் முந்துவதும் உண்டு, இவன் நீளம் தாண்டுதலுக்கோ கபடிக்கோ போய்ச் சேருவதும் உண்டு. கபடிக்கு என்ன இழை என்று கேட்டால், முப்பது நொடிப் பாடலில் கோட்டுக்கு உள்ளே நிதானமாக அலைந்து திடீரென்று ஒரு உதை, ஒரு பாய்ச்சல். மூன்று வகையும் வேண்டும்.

சாப்பாட்டைப் பற்றி ஒன்றே ஒன்று. 'சோறு குறை, முட்டை கூட்டு' என்று இப்போது எல்லோரும் பாடுகிறார்கள். வேக இழை ஓடுவது மாவுச்சத்தில். ஓடும் பையனுக்குச் சோற்றைக் குறைத்தால் அவன் குடத்தை நீங்களே உடைக்கிறீர்கள். கவுனி அரிசி, இட்லி, சாதம் எதுவானாலும் வயிறாரச் சாப்பிடட்டும், பருப்பும் முட்டையும் கறியும் கூடவே இருக்கட்டும். பவுடர் டப்பா வேண்டாம்.

இப்போது அப்பத்தா. அந்தக் கட்டச் சேலை ஞாபகம் இருக்கிறதா? வயதாக ஆகத் தண்டுவடத்தில் நரம்பு உயிரணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகின்றன, பெரிய நரம்புகளுக்குச் சேதம் கூடுதல். முதலாளியை இழந்த வேக இழைகள் அநாதையாகின்றன. சிலவற்றைப் பக்கத்து மெது நரம்பு தத்தெடுத்துக்கொள்ளும். தத்துப்போன இழை, பூனைக் கதையில் வருவதுபோலவே, மெதுவாகிவிடும். தத்தெடுக்க ஆளில்லாதவை மடியும். அந்த வயதுத் தசையை நுண்ணோக்கியில் பார்த்தால் கட்டம் குலைந்து ஒரே நிறம் திட்டுத் திட்டாகச் சேர்ந்திருக்கும், சாயம் ஓடிய சேலை மாதிரி. மிச்சமிருக்கும் வேக இழைகளும் மெலிந்துவிடும், மெது இழைகள் அவ்வளவாக மெலிவதில்லை. ஸ்வீடனில் 1980-களில் இறந்தவர்களின் தொடைத் தசையை முழுசாகச் சீவி எண்ணியவர்கள், 20 வயதுக்கும் 80 வயதுக்கும் நடுவே தசையின் பருமன் ஏறக்குறைய 40 சதவீதம் குறைவதாகக் கண்டார்கள்.

அதனால்தான் உங்கள் அம்மாவால் அரை மணி நேரம் நடக்க முடிகிறது, நிலைப்படியில் தடுமாறுகிறார். நடை மெது இழையின் வேலை, அது கெடவில்லை. செட்டிநாட்டு வீட்டு நிலைப்படி உயரம் உங்களுக்கே தெரியும். அதில் கால் இடறினால் மறு காலைச் சட்டென்று முன்னால் வைத்து உடம்பைத் தாங்க அரை நொடிகூடக் கிடைக்காது. அந்த அரை நொடிக்கு வேண்டியது வேக இழை. தினமும் நடப்பது நல்லதுதான், நிறுத்த வேண்டாம், ஆனால் நடக்கும்போது பந்தியின் கடைசி வரிசைக்கு அழைப்பே போவதில்லை.

கூப்பிட்டால் இந்த வயதிலும் வரும். முதலில் டாக்டரிடம் காட்டி இரத்த அழுத்தம், சர்க்கரை, கண், முட்டி நான்கையும் பார்த்துவிடுங்கள். தடுமாற்றத்துக்கு வேறு காரணமும் இருக்கலாம், சில மாத்திரைகளே தலையைச் சுற்ற வைக்கும். அவர் சரியென்றால், கைப்பிடி இல்லாத உறுதியான நாற்காலி ஒன்றைச் சுவரை ஒட்டிப் போடுங்கள். திண்ணை சரியான உயரமாக இருந்தால் திண்ணையே போதும். கையை மார்பில் கட்டிக்கொண்டு எழ வேண்டும், முடிந்தவரை வேகமாக. உட்காருவது மெதுவாக, மூன்று எண்ணி. முதலில் ஐந்து தடவை, ஒரு நிமிடம் உட்கார்ந்து இளைப்பாறல், மறுபடி ஐந்து. ஒரு நாள் விட்டு ஒரு நாள். மூச்சை அடக்கக் கூடாது, நீங்களோ பையனோ கை எட்டும் தூரத்தில் நிற்க வேண்டும். பழகிய பின் தூணைப் பிடித்துக்கொண்டு குதிகாலைச் சட்டென்று உயர்த்தி மெதுவாக இறக்குவதைச் சேர்க்கலாம். மூட்டு வலி வந்தால் உயரமான நாற்காலிக்கு மாறுங்கள்.

முதல் நாள் 30 நொடியில் எத்தனை தடவை எழுகிறார் என்று எண்ணி தினசரிக் காலண்டர் தாளில் குறித்து வையுங்கள். பையனின் 60 மீட்டர் நேரத்தையும் அதே தாளில் எழுதலாம். ஆறு வாரம் கழித்து இரண்டையும் எனக்கு எழுதுங்கள், பையனுக்கு என்ன கூட்டலாம் என்று அப்போது பார்க்கலாம்.